சேவாக்கிராமத்துப் பாடசாலை

1937 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 22 ஆம், 23 ஆம் நாட்களில் நடு இந்தியாவிலுள்ள வார்தா என்னும் ஊரிலே கல்வி மாநாடு ஒன்று கூடியது. மார்வாரி வித்தியாலயத்திலே நடைபெற்ற அம்மாநாட்டிற்குக் காந்தியடிகள் தலைமை வகித்தார். காங்கிரஸ் ஆட்சி நடைபெற்ற மாகாணங்களின் கல்வி மந்திரிகளும், பேராசிரியர்களும், கிராமத் தொண்டர்களும் வந்திருந்தனர். இரண்டு நாள் விவாதத்தின் முடிவிலே, புதிய கல்விக்குப் பாடத்திட்டம் வகுக்க ஒரு குழு நியமிக்கப்பட்டது. பிற்காலத்தில் இந்தியாவின் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் சாகிர் உசேன் அதன் தலைவர். வினோபா பாவே, காகா காலேல்கர் போன்ற பெரியோர் பலர் அதில் உறுப்பினராய் இருந்தனர். அவர்களோடு இரண்டு தமிழர்களும் இருந்தார்கள் என்பது நம்மவரிற் பலர் அறியாத செய்தி. ஒருவர் யாழ்ப்பாணத்திலே பிறந்த ஆரியநாயகம். குழுவைக் கூட்டும் பொறுப்பு அவரிடமே விடப்பட்டது. மற்றவர் தஞ்சாவூரிலே பிறந்த குமரப்பா.

இக்காலத்திலே 'நிலைபேறான அபிவிருத்தி' என்னும் தொடர் பாடசாலைப் புத்தகங்களிலும் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களிலும் இடம்பெற்றுவிட்டது. 1987 இல் ஐக்கிய நாடுகள் சபைக்காக நோர்வே நாட்டுப் புரூண்ட்லாந்து அம்மையாரின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கைக்குப் பின்னரே அத்தொடர் உலகெங்கும் பரவியது. வருங்காலச் சந்ததியாரின் தேவைகளுக்கு ஊறு நேராவண்ணம் நம் தேவைகளை நாம் நிறைவு செய்துகொள்ளுதல் என்பதே அதன் பொருள். ஆனால் அத்தொடர் பிறப்பதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே, அதைப் பாடமாக அன்றி வாழ்க்கையாகவே கற்பிக்க முயன்ற ஒரு பாடசாலை இருந்தது. அது எவ்வாறு எழுந்தது, எதனால் தளர்ந்தது என்பதை ஆராய்ந்தால், இன்று கல்லூரிகளிலே பரீட்சைக்காகப் படிக்கப்படும் ஒரு பாடத்தின் குறையும் நிறையும் விளங்கும்.

ஆரியநாயகம் நேரே காந்தியடிகளிடம் வந்தவர் அல்லர். அவர் முதலிலே கவி இரவீந்திரநாத தாகூரின் சாந்திநிகேதனத்திற் பணி புரிந்தார். அங்கே அவரை ஆரியம் வில்லியம்ஸ் என்று அழைத்தனர். 1930 இல் தாகூர் சோவியத் நாட்டிற்குச் சென்றபோது உடன் சென்ற சிலருள் அவரும் ஒருவர். சாந்திநிகேதனத்திற்கு அண்மையில், சுருல் என்னும் கிராமத்திலே, 1922 இல் தாகூர் ஸ்ரீநிகேதனம் என்ற கிராமப் புனரமைப்பு நிலையத்தை நிறுவியிருந்தார். வேளாண்மை கற்ற ஆங்கில இளைஞரான லெனாட் எல்மர்ஸ்ட் அதனை முதலில் நடத்தினார். சத்திழந்த மண்ணும், மலேரியாக் காய்ச்சலும், கடன் சுமையும் சேர்ந்து ஒரு கிராமத்தை எவ்வாறு அழிக்கின்றன என்பதை அங்கே கண்கூடாகக் காணலாம். பாட்டும் கூத்தும் ஓவியமும் ஒருபுறம், மண்ணும் எருவும் மறுபுறம் என்று இரண்டையும் ஒரே இடத்திற் கண்ட அனுபவம் ஆரியநாயகத்திற்கு வாய்த்தது. பேராசிரியர் ஒருவரின் மகளாய்ப் பிறந்து, சாந்திநிகேதனத்திலே பணி புரிந்த ஆசாதேவியை அவர் மணந்தார். கணவனும் மனைவியுமாக வார்தாவுக்கு வந்து சேர்ந்த அவ்விருவரும் தங்கள் வாழ்நாளை அக்கல்விக்கே கொடுத்தனர். வார்தாக் குழுவிலே ஆசாதேவியும் ஓர் உறுப்பினர்.

குமரப்பாவின் வரலாறு முற்றும் வேறானது. 1892 ஆம் ஆண்டு சனவரி 4 ஆந் தேதி தஞ்சாவூரிலே கிறித்தவக் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். இலண்டனிலே கணக்காய்வாளராகப் பயிற்சி பெற்று, பம்பாயிலே அத்தொழிலை நடத்தினார். பின்பு அமெரிக்கா சென்று சிரகியூஸ், கொலம்பியாப் பல்கலைக்கழகங்களிலே வணிகமும் பொருளியலும் பயின்றார். மேனாட்டு உடை, மேனாட்டு நடை, மேனாட்டுக் கல்வி. இத்தகையவர் 1929 இல் சபர்மதி ஆற்றங்கரையிலே ஒரு மரத்தடியில் இராட்டை நூற்றுக்கொண்டிருந்த முதியவரைக் கண்டார். அவரே காந்தியடிகள் என்பதை உடனே அறிந்துகொள்ளவும் இல்லை. இந்திய அரசாங்கத்தின் வரி முறை மக்களை எங்ஙனம் வறியவராக்கியது என்பது பற்றிக் குமரப்பா எழுதியிருந்த ஆராய்ச்சியைப் படித்த காந்தியடிகள், குஜராத்திலே மாத்தர் வட்டத்துக் கிராமங்களை நேரிற் சென்று ஆராயும்படி அவரை வேண்டினார்.

அந்த ஆராய்ச்சியிலேதான் இக்கதையின் முதல் வகுப்பறை இருக்கிறது. குஜராத்தி மொழி அறியாத குமரப்பா, குஜராத் வித்தியாபீடத்து மாணாக்கர் சிலரை அழைத்துக்கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களைச் சுற்றினார். ஒவ்வொரு குடும்பத்திற்கும் எவ்வளவு நிலம், எத்தனை மாடு, எவ்வளவு விளைவு, எவ்வளவு கடன் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். அவர்களுக்கு அந்த ஆண்டிலே கிராமமே பாடநூலாயிற்று. வணிக நிறுவனங்களின் கணக்கேடுகளை ஆய்ந்து பழகிய ஒருவர், இப்போது ஒரு நாட்டின் மண்ணையும் மக்களையும் அதே கண்ணோடு கணக்குப் பார்க்கத் தொடங்கினார் என்று சொன்னால் பிழையாகாது. நல்ல கணக்கர் முதலையும் வட்டியையும் வேறு பிரித்துப் பார்ப்பார். முதலை எடுத்துச் செலவு செய்துவிட்டு அதனை வருமானம் என்று எழுதிவைப்பவனை அவர் மன்னிக்கமாட்டார். குமரப்பாவின் பொருளியல் முழுவதும் இந்த ஒரு பேதத்தின் மீதே எழுந்தது.

இயற்கையின் செல்வங்களை அவர் இரண்டாக வகுத்தார். நிலக்கரி, பெற்றோலியம், இரும்பு போன்றவை தேக்கிவைக்கப்பட்ட செல்வம். எடுக்க எடுக்கக் குறையும், மீண்டும் நிரம்பாது. மரம், பயிர், விலங்கு, ஓடும் நீர் முதலியன ஓடிவரும் செல்வம். வரவிற்கு உட்பட்டுச் செலவழித்தால் என்றும் வற்றா. தேக்கத்தின் மீது கட்டப்படும் வாழ்வு நிலையாது. அத்தேக்கத்திற்காகவே நாடுகள் போரிட்டுக்கொள்ளும் என்றும் அவர் கண்டார். 1942 இன் போராட்டத்தை அடுத்துச் சிறைப்பட்ட காலத்திலே, ஜபல்பூர்ச் சிறையில் இருந்து அவர் எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' என்னும் நூல் 1945 இல் காந்தியடிகளின் முன்னுரையோடு வெளிவந்தது. மாம்பழத் தோட்டத்திலே தான் நடாத மரத்துக் கனியைப் பறித்து உண்ணும் குரங்கு, தன் முயற்சியாற் கூடு கட்டும் பறவை, கூட்டத்தின் நன்மைக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை என்று இயற்கையிலிருந்தே படிகளை வகுத்து, மனிதனின் பொருளாதாரம் எந்தப் படியில் நிற்கிறது என்று அந்நூல் கேட்கிறது. 1973 இல் சூமாக்கர் என்னும் பொருளியலறிஞர் எழுதி உலகப் புகழ் பெற்ற 'சிறியதே அழகு' என்ற நூலிலே குமரப்பாவின் கருத்து எடுத்தாளப்பட்டுள்ளது.

தேக்கம், ஓட்டம் என்ற இந்தப் பாகுபாட்டை யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு விளக்கவேண்டிய அவசியமில்லை. அக்குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையினுள்ளே மழைநீர் இறங்கித் தங்கும் நன்னீரே கிணறுகளின் நீர். அதன் கீழே உவர் நீர் கிடக்கிறது. ஆண்டு மழை தருவதற்கு மேலாக இறைத்தால் உவர் மேலே வரும். ஆட்டெருவும் மாட்டெருவும் இட்டு, வயலிலே குழை தாழ்த்தி விளைவித்த காலம் போய், இரசாயன உரம் மிகுந்தபின், தோட்டக் கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்திருப்பதை ஆராய்ச்சியாளர் 1980களிலிருந்து எடுத்துக்காட்டி வருகின்றனர். பனை பற்றியும் குமரப்பாவுக்கு ஒரு கருத்து உண்டு. கரும்பு நல்ல நிலத்தையும் மிகுந்த நீரையும் கேட்கிறது. பனையோ வேறொன்றும் விளையாத நிலத்திலே நின்று தன் சாற்றைத் தருகிறது. ஆகவே இனிப்புக்குப் பனங்கட்டியைக் கொண்டால், கரும்பு பிடித்த நிலம் நெல்லுக்கும் தானியத்திற்கும் மிஞ்சும் என்பது அவர் கணக்கு. பனையடியிலே வளர்ந்த ஆரியநாயகமும் இக்கணக்கைக் கேட்டுத் தலையசைத்திருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது.

1934 ஆம் ஆண்டின் இறுதியிலே அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் நிறுவப்பட்டது. வார்தாவிலுள்ள மகன்வாடி அதன் இருப்பிடம். குமரப்பா அதன் செயலாளர். செக்கு, கைக் காகிதம், தேனீ வளர்ப்பு, கைக்குத்தல் அரிசி, மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு ஆகியவற்றை அங்கே ஆராய்ந்தனர். கிராமத் தொண்டுக்குச் செல்ல விரும்பிய இளைஞருக்குப் பயிற்சியும் அளித்தனர். பெரிய ஆலைகளை வெறுத்துப் பழமையைக் கட்டிக்கொண்டு அழுத கூட்டம் என்று பலர் அவர்களை எள்ளி நகையாடினர். அஃது அறியாமை. பழைய செக்கை அவ்வண்ணமே வைத்திராமல், மாட்டின் வருத்தம் குறைந்து எண்ணெய் கூடுமாறு திருத்தியமைத்தவர்களைப் பழமைவாதிகள் என்று கூறுதல் பொருந்தாது.

வார்தாக் குழு 1937 டிசம்பர் 2 ஆந் தேதி தன் அறிக்கையைக் கொடுத்தது. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை ஏழாண்டுக் கல்வி, தாய்மொழியே போதனாமொழி, பயன்தரும் கைத்தொழில் ஒன்றை நடுவாகக் கொண்டு ஏனைய பாடங்கள் அனைத்தையும் அதனோடு இணைத்தல் என்பன அதன் சாரம். பிள்ளைகளின் உற்பத்தி பாடசாலைச் செலவையும் ஓரளவிற்குத் தாங்கவேண்டும் என்பது காந்தியடிகளின் விருப்பம். இந்த இடத்திலேதான் கருத்து வேறுபாடு எழுந்தது. பொருளியற் பேராசிரியர் கே. டி. ஷா, பிள்ளைகளின் உற்பத்தி ஏழைத் தொழிலாளரின் உற்பத்தியோடு சந்தையிலே போட்டியிடுமே என்று மறுப்புரைத்தார். சாகிர் உசேனும் வாளா இருந்துவிடவில்லை. உற்பத்திக் கணக்கையே ஆசிரியர் பெரிதாகக் கருதினால், கல்வி மறைந்து பிள்ளைகள் கூலியாட்களாகிவிடும் ஆபத்து உண்டு என்று அறிக்கையே எச்சரித்தது. இவ்வெச்சரிக்கை பிற்காலத்திலே வேறு உருவத்தில் மெய்யாயிற்று.

1938 பெப்ரவரியிலே ஹரிபுரா காங்கிரஸ் இத்திட்டத்தை ஏற்றது. அதன்பின் ஹிந்துஸ்தானி தாலீமி சங்கம் நிறுவப்பட்டது, ஆரியநாயகம் செயலாளரானார். 'நயீ தாலீம்', அதாவது புதிய கல்வி, என்று வடநாட்டிலே வழங்கிய இதனைத் தமிழர் ஆதாரக் கல்வி என்றனர். மறு ஆண்டே காங்கிரஸ் மந்திரிசபைகள் பதவி விலகின. 1942 இல் ஆசிரியர் பலர் சிறை புகுந்தனர். ஆயினும் காந்தியடிகள் வாழ்ந்த சேவாக்கிராமத்திலே பாடசாலை நின்றுவிடவில்லை.

அப்பாடசாலையின் இயல்பைச் சிறிது விரித்துரைத்தல் தகும். விதர்ப்ப நாட்டுக் கரிசல் மண்ணிலே பருத்தி விளைகிறது. பிள்ளைகள் பருத்தி விதைப்பது முதல் துணி நெய்வது வரை எல்லாம் செய்தார்கள். விதைக்கும் காலத்திலே மழையை அளந்தார்கள்; அது புவியியல். பருத்தியின் பூவையும் காயையும் புழுவையும் பார்த்தார்கள், அது தாவரவியல். தக்களியிலே நூற்ற நூலை நான்கு அடிச் சுற்றாக 640 சுற்றுச் சுற்றினால் ஒரு சிட்டம். எத்தனை நாழிகையில் எத்தனை சுற்று, பஞ்சிலே எவ்வளவு கழிவு, நூலின் விலை என்ன என்று கேட்டால் கணிதம் தானே வந்துவிடும். இந்த நாட்டுப் பருத்தி கடல் கடந்து போய் மீண்டும் துணியாக வந்தது ஏன் என்று கேட்டால் சரித்திரமும் வந்துவிடும். இவ்விணைப்பைத் திறமையாகச் செய்ய வல்ல ஆசிரியர் கிடைத்தால் இதனினும் உயர்ந்த கல்வி வேறில்லை. கிடைக்காவிடின் இதனினும் அலுப்பான கல்வியும் வேறில்லை.

சமையலும் பாடமே. இத்தனை பேருக்கு இவ்வளவு பணம். அதற்குள் புரதமும் கொழுப்பும் உயிர்ச்சத்தும் குறையாமல் எதை வாங்குவது, எதைத் தோட்டத்திற் பயிரிடுவது என்று மாணாக்கரே கணக்கிட்டனர். உணவு, துப்புரவு, சுகாதாரம் போன்ற காரியங்களுக்குத் தங்களுக்குள்ளே மந்திரிகளைத் தேர்ந்து, கூட்டத்திலே அவர்களிடம் கணக்குக் கேட்டனர். எனினும் அப்பாடசாலையின் உயிர்நிலை அடுக்களையிலன்று, மலக்கூடத்திலே இருந்தது என்று துணிந்து கூறலாம். வெட்டிய குழியிலே கழிவை விட்டு, மண்ணும் சருகும் இட்டு மூடி, உரிய காலத்தில் அதனை எருவாக்கி வயலுக்கு எடுத்துச் சென்றனர். பொன் எரு என்று பொருள்படும் பெயர் ஒன்று அதற்கு அந்நாட்டிலே உண்டு. அவ்வேலையை எல்லா மாணாக்கரும் முறைவைத்துச் செய்யவேண்டும். எச்சாதியிற் பிறந்தவனுக்கும் விலக்கில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக ஒரு சாதியாரின் தலையிலே சுமத்தப்பட்ட இழிவை ஒரு பிள்ளை தன் கையாலே எடுத்து, அதுவே ஆறு மாதத்தின் பின் கீரையாய் வருவதைக் காண்கிறான். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுத்தல் என்ற விதியையும், மனிதரில் உயர்வு தாழ்வு இல்லை என்ற விதியையும் அவன் ஒரே பாடத்திற் கற்றான். இவற்றைத் தனித்தனியே கற்பித்த கல்விமுறைகள் பல உண்டு. ஒன்றாய்க் கற்பித்தது இதன் தனிச்சிறப்பு.

1945 சனவரியிலே சேவாக்கிராமத்திற் கூடிய மாநாட்டிலே, கல்வி என்பது பிறப்பு முதல் இறப்பு வரை வாழ்க்கையின் வழியே நிகழ்வது என்று அதன் எல்லை விரிக்கப்பட்டது. பதினான்கு வயதுக்கு மேற்பட்டோருக்கு மேல்நிலை ஆதாரக் கல்வி வகுக்கப்பட்டது. நம் நாட்டு உயர்தர பாடசாலைக்கு ஒப்பான பருவம் அது. சிறு பிள்ளைகளிடம் கேளாத ஒன்றை இங்கே கேட்டனர். மாணவன் தன் உணவையும் உடையையும் தன் உழைப்பாலே ஈட்டிக்கொண்டே கற்கவேண்டும். நிலத்தின் சத்தைத் தின்றுவிட்டு விளைவைக் காட்டினால் மறு ஆண்டிலே அவனுக்கே சோறு இல்லை. பரீட்சகர் எவரும் வேண்டியதில்லை, களஞ்சியமே பரீட்சகர். சென்னை வேப்பேரியிலே பெண்டிங்க் பெண்கள் பாடசாலைக்குத் தலைமை தாங்கி, பின்பு தாகூரிடம் பணி புரிந்த மார்ஜரி சைக்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1949 இல் இங்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். அக்கல்வியின் கதையைப் பிற்காலத்தில் நூலாகவும் எழுதிவைத்தார்.

இத்தகைய கல்வி ஏன் நாடெங்கும் வேரூன்றவில்லை? அரசாங்கங்கள் கைவிட்டன என்று மட்டும் கூறிவிடுதல் எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. சுதந்திரத்தின் பின் மாகாணங்கள் தோறும் ஆதாரப் பாடசாலைகள் ஆயிரக்கணக்கிலே திறக்கப்பட்டன. சென்னை மாகாணத்திலே அவினாசிலிங்கம் செட்டியார் 1946 முதல் 1949 வரை கல்வி மந்திரியாக இருந்தபோது இதற்கு ஊக்கமளித்தார். ஆயினும் பெரும்பாலான இடங்களிலே தோட்டமும் இல்லை, பயிற்சி பெற்ற ஆசிரியரும் இல்லை. வாரத்திலே சில மணி நேரம் தக்களி சுழற்றுவதே ஆதாரக் கல்வி என்றாயிற்று. நூற்ற நூல் மூலையிலே கிடந்து எலிக்கு இரையானது. பட்டணத்திலோ வசதியுள்ளோரின் பிள்ளைகள் ஆங்கிலப் பாடசாலைக்குச் சென்று வக்கீலும் வைத்தியருமாயினர். மேல்நிலை ஆதாரக் கல்வி முடித்தவனுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவு எளிதிலே திறக்கவில்லை. உத்தியோகத்திற்குக் கேட்கப்படும் அத்தாட்சிப் பத்திரம் அவனிடம் இல்லை. இதைக் கண்ட ஏழைத் தகப்பன், என் பிள்ளைக்கு மட்டும் மண்வெட்டியா என்று கேட்டான். அக்கேள்வியிலே நியாயம் இருந்தது.

தமிழ்நாட்டிலே அக்கேள்வி பெருங்கிளர்ச்சியாகவே வெடித்தது. 1953 இல் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் கிராமத் தொடக்கப் பாடசாலைகளின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்திலே பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். 'குலக்கல்வி' என்று பெயர் சூட்டிப் பெரியார் ஈ. வெ. ராமசாமியும் திராவிட இயக்கத்தாரும் அதனை எதிர்த்தனர். 1954 இல் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. சேவாக்கிராமத்துக் கல்வியும் இதுவும் ஒன்றல்ல. அங்கே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் எல்லா வேலையும் செய்தனர். இங்கே சலவைத் தொழிலாளியின் மகன் சலவைத் தொழிலையே கற்கவேண்டியவனானான். ஆனால் கைத்தொழில், கல்வி என்னும் இரு சொற்களும் சேர்ந்து ஒலித்தாலே மக்கள் ஐயுறும் நிலை அதன்பின் உண்டாயிற்று.

இலங்கையின் அனுபவமும் இதனோடு ஒத்தது. கன்னங்கரா கல்வி மந்திரியாயிருந்த 1930களிலே கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவிலே கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. கிராமத்துச் சூழலிலிருந்தே பாடத்தை எடுத்துக் கற்பிக்கும் முயற்சி அது. ஆங்கிலக் கல்வியின் வழியாக மட்டுமே உத்தியோகம் கிடைத்த காலத்தில் அத்திட்டம் தழைக்க இயலவில்லை. 1972 இல் தொழில்முன்னிலைப் பாடங்கள் என்ற பெயரிலே, மீன்பிடி, பயிர்ச்செய்கை, மட்பாண்டம் போன்ற அவ்வவ்வூர்த் தொழில்களைப் பாடசாலைக்குள்ளே கொண்டுவந்தனர். 1977 இல் ஆட்சி மாறியபின் அவையும் நின்றன. பாடத்திட்டம் எவ்வளவு செம்மையாய் இருந்தாலும், உத்தியோகமும் மதிப்பும் வேறொரு வழியிலே கிடைக்கும்போது, பெற்றோர் அந்த வழியையே நாடுவர்.

1959 இல் தாலீமி சங்கம் சர்வ சேவா சங்கத்தோடு இணைந்தது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி ஆணைக்குழு ஆதாரக் கல்வியின் இடத்தில் 'வேலை அனுபவம்' என்பதை வைத்தது. 1977 இல் அது மற்றொரு பெயர் பெற்றது. பெயர்கள் மாற மாறப் பொருள் தேய்ந்தது.

பின்பு, எதிர்பாராத ஒரு வாயிலின் வழியே இப்பொருள் மீண்டும் கல்விக்கூடத்தினுள்ளே புகுந்தது. அவ்வாயில் நீதிமன்றம். எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கிலே, 1991 நவம்பர் 22 ஆந் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் சுற்றாடற் கல்வியை எல்லாப் பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென ஆணையிட்டது. திரைப்படக் கொட்டகைகளிலே சுற்றாடல் பற்றிய படங்களைக் காட்டவும், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாள்தோறும் சில நிமிடங்கள் அதுபற்றிப் பேசவும் அது வழி வகுத்தது. ஆணை ஏட்டளவிலே கிடந்ததால், மேத்தா மீண்டும் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. அதன் பயனாகப் பல்கலைக்கழக மானியக் குழு, எத்துறை மாணவராயினும் இளங்கலைப் பட்டம் பெறுவதற்கு ஆறு மாதச் சுற்றாடற் பாடத்தைப் படித்தே ஆகவேண்டும் என்று வகுத்தது. ஐம்பது விரிவுரை கொண்டதாயிருந்தது அப்பாடம். அவற்றுள் வெளியே சென்று ஓர் ஆற்றையோ காட்டையோ குப்பைமேட்டையோ நேரிற் காண ஒதுக்கப்பட்டது ஐந்து விரிவுரை நேரம். எஞ்சிய நாற்பத்தைந்தும் வகுப்பறைக்கு உரியனவாயிருந்தன.

சேவாக்கிராமத்திலே இந்தக் கணக்கு ஏறத்தாழத் தலைகீழாய் இருந்தது. ஆனால் அங்கே படித்தவர் சில நூற்றுவரே. நீதிமன்றம் கொண்டுவந்த பாடத்தையோ ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் படிக்கின்றனர். ஒன்றிலே ஆழம், மற்றொன்றிலே பரப்பு. ஓசோன் படலம் எங்கே இருக்கிறது என்று சரியாக எழுதிப் பட்டம் பெற்ற இளைஞன், தன் விடுதியின் கழிவு எங்கே போகிறது என்பதை அறியாதிருக்கலாம். அவனைக் குறை கூறுவதிற் பயனில்லை. அவனிடம் அக்கேள்வியை எவரும் கேட்கவில்லை.

குமரப்பா தம் இறுதிக் காலத்தை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியிலே காந்தி நிகேதன் ஆசிரமத்திற் கழித்தார். 1960 சனவரி 30 ஆந் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே நாளிலே, சென்னையில் அவர் காலமானார். சின்னாளப்பட்டியிலே டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947 இல் நிறுவிய காந்திகிராமம், 1956 இல் கிராமிய உயர்கல்வி நிலையமாக வளர்ந்து, 1976 இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. ஆதாரக் கல்வியிலே பழகிய இராமச்சந்திரன், கிராமத்தை விட்டு ஓடாத ஒரு பட்டம் இயலுமா என்று அங்கே சோதித்துப் பார்த்தார்.

சேவாக்கிராமத்துப் பாடசாலையோ நெடுங்காலம் மூடிக்கிடந்தது. ஆரியநாயகமும் ஆசாதேவியும் நடமாடிய அவ்வளாகத்திலே 2005 ஆம் ஆண்டிலே 'ஆனந்த நிகேதன்' என்ற பெயரிற் பாடசாலையொன்று மீண்டும் தொடங்கப்பட்டது. சூழவுள்ள கிராமத்துப் பிள்ளைகள் அங்கே மராத்தி மொழியிலே படிக்கின்றனர், தோட்டம் செய்கின்றனர், சமைக்கின்றனர், நூல் நூற்கின்றனர். அரசாங்கத்தின் பாடங்களையும் அவற்றோடு கற்கின்றனர்.